காகிதக் கொக்கை வெண்கலத்தில் வார்க்கும் முறை

சிலை வார்ப்பவர்கள் மெழுகில் கரு செய்து, அதன் மேல் மண்கூடு பூசிச் சுட்டு, உள்ளே காலியான இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். காகிதம் ஓடாது, எரிந்துதான் ஒழிய வேண்டும். மடித்த காகிதத்தையே கருவாக வைத்து வெண்கலம் வார்க்கும்போது ஒவ்வொரு படியையும் தீர்மானிப்பது இந்த ஒரு வேறுபாடுதான். எந்தத் தாளை எடுப்பது, காற்றுக்குழல் எத்தனை வைப்பது, சூளையில் எத்தனை மணி நேரம் விடுவது எல்லாமே இதைப் பொறுத்தது. சாமி விக்கிரகம் வார்த்துப் பழகிய கைகூட முதல் கொக்கில் தவறுவது இங்கேதான்.

இந்த வகைச் சிற்பத்துக்கு இன்று பரவலாகத் தெரிந்த பெயர் கெவின் பாக்ஸ். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் பட்டறை வைத்திருப்பவர். காகித மடிப்பை வெண்கலம், அலுமினியம், துருவேறா எஃகு மூன்றிலும் கொண்டுவந்திருக்கிறார். இயற்பியல் படித்த மடிப்புக் கலைஞர் ராபர்ட் லாங் போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். அந்தச் சிற்பங்கள் அமெரிக்கத் தாவரவியல் தோட்டங்களில் சுற்றுக் கண்காட்சியாகப் போயிருக்கின்றன. அவர் செய்தவற்றில் வார்ப்புக்காரர் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: மடித்ததை மறுபடி விரித்து, கோடுகள் மட்டும் பதிந்த தாளை உலோகமாக்கிச் சுவரில் மாட்டும் வேலைகள். இரண்டு தளங்கள் எப்படிச் சந்திக்கின்றன என்பது அதில் பளிச்சென்று தெரியும். வார்ப்பில் நாம் காப்பாற்ற வேண்டியதும் அந்தச் சந்திப்பைத்தான்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இந்த வேலைக்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாள் ஷான் மாநிலத்திலிருந்து வருகிறது. வண்டலும் உமியும் எங்கும் கிடைக்கும். மண்டலேயின் தம்பவாடி வட்டாரத்தில் புத்தர் சிலையும் மணியும் மெழுகுக் கரு வைத்தே வார்க்கிறார்கள். நம் சுவாமிமலை முறைக்கு அது நெருங்கிய உறவு. கீழே உள்ள அளவுகள் 40 செ.மீ. சதுரத் தாளில் மடித்த ஒரு கொக்குக்கு உரியவை.

தாள்

ஷான் மாநிலத்தில் பிண்டயாவில் மல்பெரி வகை மரப்பட்டையிலிருந்து கையால் செய்கிற தாளை வாங்குங்கள். அங்கே குடைக்குப் பயன்படுவதும் அதே தாள்தான். நீண்ட நாருள்ளது, நனைத்தாலும் கிழியாது, எரிந்தால் மிகக் கொஞ்சமே சாம்பல் விடும். பூவும் இலையும் பதித்து அலங்காரத்துக்கு விற்பதை எடுக்க வேண்டாம். பதித்த இடம் மேடாகி, மடிப்புக் கோடு அங்கே உடைந்து போகும். சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம் எடையுள்ள தாள் போதும். அதற்கு மேல் தடித்தால் கொக்கின் கழுத்து உருண்டுவிடும்.

அலுவலக நகல் காகிதம் மடிக்க அருமையாக இருக்கும், வார்க்க ஆகாது. அதன் எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை சுண்ணாம்புத் தூளோ வெள்ளைக் களிமண் தூளோ நிரப்பியிருப்பார்கள். நெருப்பு நாரைத் தின்னும், தூளைத் தின்னாது. 40 செ.மீ. தாள் ஒன்று சுமார் 13 கிராம் என்றால், அதில் இரண்டு முதல் மூன்று கிராம் தூள் மண்கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. வெண்கலம் அதைத் தள்ளிக்கொண்டு போய் இறக்கை நுனியில் குவித்து வைக்கும்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எரித்துப் பாருங்கள். 10 செ.மீ. சதுரத்தை எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்தி, கறுப்பு முழுதும் மறையும்வரை அடியில் அடுப்பைக் காட்டுங்கள். நல்ல தாள் சுருண்டு, ஊதினால் பறக்கிற சாம்பல் துணுக்காகிவிடும். விரலில் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது. நிரப்பிய தாள் எரிந்த பிறகும் தாளின் உருவத்திலேயே வெள்ளையாக நிற்கும். மடிப்புக் கோடுகூட அழியாமல் தெரியும். தேய்த்தால் விபூதி போல விரலில் ஒட்டும். அந்தத் தாளை ஒதுக்கிவிடுங்கள்.

ஷான் தாள் துணி போலத் துவளும். அதனால் மடிக்குமுன் கஞ்சி போட வேண்டும். 10 கிராம் அரிசி மாவை 200 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, கண்ணாடி போல் தெளிந்ததும் துணியில் வடிகட்டுங்கள். தாளைக் கண்ணாடிப் பலகையில் விரித்து, இரண்டு பக்கமும் அகலத் தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்து, அப்படியே காயவிடுங்கள். மடிக்கும்போது லேசாக ஈரத் துணியால் ஒற்றி மடித்தால் வளைவு நிற்கும், காய்ந்தபின் அட்டை போல விறைக்கும். ஜப்பானிய மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா கொண்டுவந்த ஈர மடிப்பு முறை இதுதான்.

உலோகத்துக்காக மடிப்பது

கொக்கின் மடிப்புப் படிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வார்ப்புக்காக மாற்ற வேண்டியவற்றை மட்டும் சொல்கிறோம்.

கோடுகளை நகத்தால் தேய்க்காமல் மூங்கில் பட்டையால் தேய்த்து இறுக்குங்கள். மெழுகு ஏறும்போது கோடு மழுங்கும், மண் ஏறும்போது இன்னும் மழுங்கும், அரம் போடும்போது மேலும் கொஞ்சம் போகும். தாளில் கத்தி போல இருந்தால்தான் வெண்கலத்தில் மடிப்பாகவாவது தெரியும். அலகை வழக்கமான நீளத்துக்கு விடாமல் சற்றுக் கட்டையாக மடியுங்கள். நுனி அகலம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் உலோகம் அங்கே போகுமுன் உறைந்துவிடும். வயிற்றை ஊதி விரித்து, அடியில் குறைந்தது 2 செ.மீ. அகலத்துக்குத் திறப்பு விடுங்கள். அந்தத் திறப்பு வழியாகத்தான் வயிற்றை நிரப்பும் உள்மண் உள்ளே போக வேண்டும், வார்த்த பிறகு வெளியே வரவும் வேண்டும். இறக்கைகளைக் கிடைமட்டமாக விரித்து விடாமல் சற்று மேல்நோக்கித் தூக்கி வையுங்கள். நூல் கட்டி, குண்டூசி குத்தி, ஓர் இரவு முழுக்கக் காயட்டும்.

வெண்கலம் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். 30 செ.மீ. இறக்கை விரிப்பில் சுமார் அரை சென்டிமீட்டர் குறையும். பீடத்தை முன்கூட்டியே செய்து வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மெழுகு

முதலில் ஊறவைக்கும் மெழுகு. தேன்மெழுகும் பாரஃபினும் சம எடை. நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி, மெழுகு 85 டிகிரியில் நிற்கட்டும். கொக்கை அதில் முக்கினால் தாளிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக ஏறும். குமிழி நிற்கும்வரை எடுக்காதீர்கள். நாருக்குள் இருக்கும் காற்று வெளியேறி அங்கே மெழுகு நிரம்புகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பாதியில் எடுத்தால் தாளின் வெட்டு விளிம்பில் வெள்ளைத் திட்டு நிற்கும். நாளை மண்ணின் ஈரம் அந்தத் திட்டு வழியாக ஏறி, தாள் ஊதி, உள்ளிருந்தே மண்கூட்டை வெடிக்க வைக்கும்.

அடுத்தது தடிமன். ஊறிய தாள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெண்கலம் ஓட இறக்கையில் 2.5 முதல் 3 மி.மீ., உடலில் 3.5 மி.மீ. வேண்டும். நுனிகளை மெல்லியதாக விடும் ஆசை எல்லோருக்கும் வரும். நுனியும் 3 மி.மீ. இருக்கட்டும், மெல்லியதாகத் தெரிய வேண்டுமானால் விளிம்பைப் பிறகு அரத்தால் சாய்த்துக்கொள்ளலாம். பூச்சு மெழுகுக்குத் தேன்மெழுகு 70 பங்கு, பொடித்த குங்கிலியம் 25 பங்கு, கடலை எண்ணெய் 5 பங்கு. குங்கிலியம் சேர்த்தால்தான் இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் இறக்கை தொங்காமல் நிற்கும்.

இங்கே ஒரு விதியை மீறவே கூடாது: பூச்சு முழுவதும் பின்பக்கத்தில்தான். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் ஊறிய தாளின் முகம் அப்படியே இருக்க வேண்டும். நாரின் நெளிவு, தாள் செய்த சல்லடையின் கோடு, மடிப்பு ஓரத்தில் லேசாக விரிந்த இழை எல்லாம் அந்த முகத்தில்தான் இருக்கின்றன. ஒரு தூரிகை மெழுகு அதன் மேல் பட்டாலும் அவை மூடிப்போகும். மெழுகிலேயே கொக்கு பிடித்து வார்த்தாலும் இதே உருவம் வந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுத் தாளைக் கருவாக வைப்பதே இந்த முகத்துக்காகத்தான்.

தடிமனை அளக்க, சூடான ஊசியைப் பின்பக்கத்திலிருந்து குத்தி, முனை மறுபக்கத் தாளில் தட்டியதும் நிறுத்தி, ஊசியில் நகத்தால் அடையாளம் வைத்து அளவுகோலில் பாருங்கள். ஓர் இறக்கைக்கு ஆறு இடத்திலாவது குத்திப் பார்க்க வேண்டும். துளையைச் சொட்டு மெழுகால் மூடிவிடுங்கள்.

இனி அடுக்குகளுக்கு இடையிலான இடுக்குகள். கொக்கின் இறக்கையில் இரண்டு அடுக்கு. கழுத்திலும் வாலிலும் அதைவிடப் பல. அடுக்குகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வண்டல் உள்ளே போய் மெல்லிய சுவராக நிற்கும். வெண்கலம் பாயும்போது அந்தச் சுவர் பிய்ந்து, வேறெங்கோ போய்ப் பதியும். எனவே இடுக்கு ஒன்று முழுக்க அடைபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 3 மி.மீ.க்கு மேல் திறந்திருக்க வேண்டும். பாதித் திறப்பு எங்கும் வேண்டாம். உள்ளே மெழுகை ஊற்றி அடைத்துவிட்டு, வெளி விளிம்பில் மட்டும் சூடான கத்தி முனையால் 1.5 மி.மீ. ஆழத்துக்கு, வாய் அகன்ற ஆங்கில எழுத்து வீ போலக் கீறல் விடுங்கள். வார்த்தபின் அது தனித்தனி அடுக்காகவே தெரியும்.

வாய்க்காலும் காற்றுக்குழலும்

கொக்கைத் தலைகீழாக, வயிறு மேலே இருக்கும்படி வையுங்கள். உலோகத்தை ஊற்றும் ஊற்றுவாயிலிருந்து 12 மி.மீ. தடிமனுள்ள மெழுகுக் குச்சியில் முதன்மை வாய்க்கால். அதிலிருந்து வயிற்றின் இரண்டு ஓரத்துக்கும் 8 மி.மீ. கிளை ஒவ்வொன்று, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்துக்கு 6 மி.மீ. கிளை ஒவ்வொன்று. உலோகம் தடித்த இடத்தில் புகுந்து மெல்லிய இடத்துக்குப் போக வேண்டும். நுனியில் வாய்க்கால் வைத்தால் உறையும் வரிசை தலைகீழாகி, உடலில் சுருக்கக் குழி விழும்.

காற்றுக்குழல் 4 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள மெழுகுக் குச்சியில், அலகு நுனி, வால் நுனி, இரண்டு இறக்கை நுனிகள் என்று நான்கு. நான்கும் மேலே வளைந்து ஊற்றுவாய் மட்டத்துக்கு வர வேண்டும். மெழுகுச் சிலைக்கு இரண்டு குழல் போதும் என்பவர்கள் உண்டு. மெழுகுக்கு அது சரிதான். தாளுக்கு இந்த நான்கும் வார்க்கும்போது மட்டும் வேலை செய்பவை அல்ல. எரிக்கும்போது உயிர்வளி உள்ளே போவதும், எரித்தபின் சாம்பலை ஊதி வெளியேற்றுவதும் இவற்றின் வழிதான்.

வயிற்றின் உள்மண் நகராதிருக்க, 2 அங்குல இரும்பு ஆணிகள் நான்கை உடல் சுவர் வழியாகப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி செருகுங்கள்.

மண் பூசுமுன் இதை எடை போட்டுவிடுங்கள். எவ்வளவு வெண்கலம் வேண்டும் என்பது அதில்தான் தெரியும். கொக்கு 210 கிராம், வாய்க்கால்கள் 90 கிராம், மொத்தம் 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், வெண்கலம் மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம் என்பதால், ஒன்பதால் பெருக்கி 2,700 கிராம். உலோகம் உருக்கும் மூசையில் மிஞ்சுவதற்கும் கசடுக்கும் 500 கிராம் சேர்த்து 3.2 கிலோ. சந்தைக் கணக்கில் இரண்டு வீசைக்கு இம்மி குறைவு. ஊர்ப் பெரியவர்களின் பழைய கலவைக் குறிப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டுப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. போதவ்பயா மன்னர் காலத்தில் வார்த்த மிங்குன் மணி 55,555 வீசை என்பது இந்தப் பர்மா வீசையில்தான். சுமார் 90 டன்.

மண்

முதல் பூச்சு: ஆற்று வண்டலைத் தண்ணீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டி, அம்மியில் அரைத்த உமிக்கரி நான்கில் ஒரு பங்கு, வடிகட்டிய சாணக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, பால் கெட்டிக்குக் கொண்டுவாருங்கள். மென்தூரிகையால் முகம் முழுக்கத் தடவுங்கள். மடிப்புக் கோட்டின் பள்ளத்தில் காற்றுக்குமிழி நின்றால் வெண்கலத்தில் அது குண்டுமணியாக வந்து நிற்கும். அதனால் பள்ளங்களை முதலில் தனியே, தூரிகை நுனியால் குத்திக் குத்தித் தடவிவிட்டு, பிறகு தளங்களுக்குப் போங்கள். நிழலில் காய்ந்தபின் இரண்டாவது, மூன்றாவது பூச்சு. மூன்றும் சேர்ந்து 4 மி.மீ. வந்தால் போதும். உமிக்கரி இல்லாமல் வெறும் வண்டலைப் பூசினால் காற்று ஊடுருவாது, காயும்போது வெடிக்கவும் செய்யும்.

அதன் மேல் வயல் களிமண், மணல், உமி மூன்றும் சம பங்காகப் பிசைந்து 12 மி.மீ. அது காய்ந்தபின் இரும்புக் கம்பி சுற்றி, அதே கலவையில் உமியைக் கூட்டி, இன்னும் 25 மி.மீ. வயிற்றுத் திறப்பு வழியாக உள்மண்ணையும் இதே வரிசையில் நிரப்ப வேண்டும். ஆணித் தலைகள் வெளிமண்ணில் புதையட்டும். ஊற்றுவாயும் நான்கு குழல் முனைகளும் மூடாமல் இருக்கட்டும்.

வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் பத்து நாளாவது. யாங்கூனிலும் மோல்மேனிலும் வைகாசி பிறந்தால் ஐப்பசிவரை மண் காயாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வைத்துக்கொள்வதே நல்லது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க நாள்தோறும் நிறுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்தது.

எரிப்பு

பொறுமை வேண்டிய இடம் இதுதான். மின்சூளை வைத்திருப்பவர்கள் மின்தடை வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். பாதிச் சூட்டில் நின்று ஆறிய கூடு பெரும்பாலும் விரிசல் விடும். விறகும் கரியும் போட்டு எரிக்கும் செங்கல் சூளை இந்த ஊருக்குப் பொருத்தம். சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்றைச் செருகி வைத்தால் ஊகம் தேவையில்லை.

முதலில் வாய் கீழே. 120 டிகிரியில் ஐந்து மணி நேரம். எஞ்சிய ஈரமும் மெழுகும் வெளியேறும். மெழுகைத் தண்ணீர்த் தட்டில் பிடித்துக்கொள்ளலாம். பிறகு கூட்டைத் திருப்பி வாய் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வையுங்கள். வாயும் குழல்களும் சூளைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விலகி இருக்க வேண்டும். மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றி, 650 முதல் 700 டிகிரியில் நிறுத்துங்கள். இருட்டில் பார்த்தால் கூடு மங்கிய சிவப்பாக இருக்கும். மெழுகுச் சிலைக்கு இந்தச் சூட்டில் மூன்று மணி நேரம் போதும் என்றால், இதற்கு எட்டு மணி நேரம் விடுங்கள்.

ஏன் இவ்வளவு நேரம்? மூடிய கூட்டுக்குள் தாள் எரிவதில்லை, கரியாகிறது. உள்ளே காற்று போகப் போகத்தான் அந்தக் கரி மெல்ல எரிந்து தீரும். சூளையில் விறகைத் திணித்து மூச்சு முட்ட வைத்தால் சூடு ஏறும், கரி தீராது. எனவே 600 டிகிரி தாண்டியதும் விறகைக் குறைத்து, காற்று வாயைத் திறந்துவிடுங்கள். ஊற்றுவாய்க்குள் பார்த்தால் முதலில் கறுப்பாகத் தெரியும். கரி தீர்ந்ததும் மண் தன் சொந்த நிறத்துக்கு, செங்கல் போல வெளுத்து வரும். குழல் முனைகளும் அப்படி வெளுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் கறுத்திருந்தால் அந்தக் குழல் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

பிறகு 300 டிகிரிக்கு ஆறவிடுங்கள். ஒரு நாளிதழ்த் துண்டைக் கூட்டில் வைத்தால் தீப்பற்றாமல் விரைவில் கருக வேண்டும். இரும்புக் குழாய் பொருத்திய துருத்தியால் ஊற்றுவாயில் மெல்ல ஊதுங்கள். நான்கு குழல்களிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்து, காற்று வருகிறதா என்று பாருங்கள், தோல் கையுறை போட்டுக்கொண்டு. அடுத்து ஒவ்வொரு குழலிலிருந்தும் ஊற்றுவாய் நோக்கி ஊத வேண்டும். சாம்பல் வருவது நின்றபின் இன்னும் பத்து ஊது. கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தை வைத்தால் முகப்பூச்சு பெயர்ந்துவிடும், துருத்தியே போதும்.

முடிந்ததும் மறுபடி 500 டிகிரிக்கு ஏற்றி, வார்க்கும்வரை அங்கேயே வையுங்கள்.

உலோகம்

செம்பு 90 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு. 3.2 கிலோவுக்குச் செம்பு 2.88 கிலோ, வெள்ளீயம் 320 கிராம். பூச்சில்லாத மின்கம்பிச் செம்பு நல்லது. எதில் செய்தது என்று தெரியாத பழைய குழாய், திருகு, பித்தளைச் சாமான் எதையும் போடாதீர்கள்: பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகும், சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் காணும். ஈயம் கலந்திருந்தால் அதைவிடக் கெடுதல்.

செம்பை மூசையில் கரித்தூள் மூடி உருக்கி, முழுதும் இளகியபின் வெள்ளீயத்தைப் போட்டு, முன்பே சுட வைத்த தடியால் கலக்குங்கள். 15 பங்கு பாஸ்பரஸ் உள்ள பாஸ்பர் செம்பு 8 கிராம் கடைசியில் சேர்த்தால் உலோகம் தெளியும், ஓட்டமும் கூடும். கசடை வழித்துவிட்டு 1,150 டிகிரியில் எடுங்கள். தடித்த விக்கிரகத்துக்கு இந்தச் சூடு அதிகம். மெல்லிய இறக்கைக்கு வேண்டும்.

கூட்டை மணல் குழியில், வாய் மேலாகப் புதைத்து, ஊற்றும் நொடிவரை வாயை ஓட்டுத் துண்டால் மூடி வையுங்கள். நிற்கும் தரை மணலாக இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் உலோகம் சிந்தினால் தரை வெடித்துத் தெறிக்கும். தோல் காலணி, தோல் ஏப்ரன், முகக்கவசம், இரண்டு பேர். பக்கத்தில் தண்ணீர் வாளி வேண்டாம். இடையில் நிறுத்தாமல், ஊற்றுவாய் எப்போதும் நிறைந்திருக்கும்படி ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். நான்கு குழலிலும் உலோகம் எட்டிப் பார்த்தால் நுனிகள் நிரம்பிவிட்டன.

நான்கு மணி நேரம் தொடாதீர்கள். சூட்டோடு தண்ணீரில் போட்டால் மெல்லிய இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

உடைத்ததும் தெரிபவை

நுனி நிரம்பாமல் வட்டமாக, வழுவழுப்பாக நின்றிருந்தால் கூடோ உலோகமோ ஆறிப்போயிருந்தது. நுனி நிரம்பாமல் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அங்கே சாம்பல் குவிந்திருந்தது. சூடு சரிதான், ஊதியது போதவில்லை. இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும், காரணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த தடவை உலோகத்தை மேலும் சூடாக்கி ஊற்றினால் அதே குறை திரும்ப வரும்.

தளத்தின் நடுவில் காகிதத் துணுக்கு வடிவிலேயே தட்டையான பள்ளங்கள் இருந்தால் கரி எரிந்து தீரவில்லை. குண்டூசித் தலை அளவுத் துளைகள் எங்கும் சிதறியிருந்தால் ஈரமோ உலோகத்தில் கலந்த காற்றோ காரணம். கோடு கோடாக மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருந்தால் கூடு விரிசல் விட்டிருக்கிறது. அதை அரத்தால் எடுத்துவிடலாம், கவலையில்லை. நிரம்பாத நுனியை அதே வெண்கலக் கம்பியால் டிக் வெல்டிங் வைத்து நீட்டலாம். ஆனால் நாரின் முகம் அங்கே வராது. உளியால் கீறித்தான் ஒப்பேற்ற வேண்டும்.

ஒரே கொக்கில் பல பிரதி வேண்டுமென்றால், அல்லது நிரப்பிய தாளில்தான் மடித்தாக வேண்டுமென்றால், ஊறவைத்த தாளின் மேல் சிலிகான் அச்சு எடுத்து, அதில் மெழுகு வார்த்து வழக்கமான முறைக்குப் போய்விடுங்கள். மூலத் தாளும் பிழைக்கும். முகத்தின் கூர்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அரமும் நிறமும்

வாய்க்கால்களை வெட்டியபின் வெட்டிய இடத்தை மட்டும் அரம் போடுங்கள். ஆணிகளைப் பிடுங்கி, அந்தத் துளைகளை அதே வெண்கலத் துண்டால் அடையுங்கள். முகட்டு மடிப்புக்கு ஒருபக்கம் பல்லில்லாத தட்டை அரம். பல்லில்லாத பக்கம் அடுத்த தளத்தைப் பார்த்திருக்கட்டும். முகட்டின் மேல் நேராக அரம் போடக் கூடாது. இருபுறத் தளத்தையும் முகடு நோக்கி ஒவ்வோர் இழுப்பு இழுத்தால் கோடு தானே கூராகும். பள்ள மடிப்பை முக்கோண உளியால் ஒரே நேர்கோட்டில் ஒரு தடவை கீறுங்கள். பஃப் சக்கரத்தைக் கொக்கின் பக்கமே கொண்டுவர வேண்டாம். ஒரு நிமிடப் பளபளப்பில் நாரும் கோடும் இரண்டும் போய்விடும்.

நிறத்துக்கு எதுவும் போடாமல் விடுவதே நன்று. கொக்கைச் சீராகச் சூடாக்கி, தேன்மெழுகு தொட்டால் உருகும் அளவு வந்ததும் மெல்லிய பூச்சாகத் தடவி, ஆறியபின் பருத்தித் துணியால் துடையுங்கள். கடல் காற்று வரும் ஊர்களில் உப்பு ஏறிப் பச்சை பூக்கும். மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இரண்டு தடவை மெழுகைப் புதுப்பியுங்கள். வீட்டில் குத்துவிளக்கு துலக்கும் நாளில் இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். புளி மெழுகையும் நிறத்தையும் ஒரே தடவையில் எடுத்துவிடும். தூசிக்குக் காய்ந்த தூரிகை போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பீடத்தில் நிறுத்த, வயிற்றின் உள்சுவரில் 6 மி.மீ. வெண்கலத் தண்டு ஒன்றைப் பற்றவைத்து, தேக்குக் கட்டையில் துளையிட்டு அடியிலிருந்து நட்டு போட்டு இறுக்குங்கள். இரும்புத் தண்டு வைத்தால் ஈரத்தில் துரு இறங்கி, இரண்டு மழைக்காலத்தில் பீடம் கறுத்துவிடும்.